உணவு மேசையில் ஒரு திருச்சபை

2001ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி ஃபிரேசர், டேவிட் ஷாவ்லிக் என்னும் இருவர். கலிஃபோர்னியாவில் வாழும் ஒரு கிறிஸ்தவத் திருச்சபையைச் சேர்ந்த ஆண்கள், அம்மாநிலத்தின் ஏனைய வெள்ளையின ஆண்களைக் காட்டிலும் சராசரியாக 7.3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள். பெண்களுக்கு இந்த வேறுபாடு 4.4 ஆண்டுகள். இதுவே அக்கட்டுரையின் சாரம். அத்திருச்சபையின் பெயர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை.

சமயம் ஆயுளை நீட்டும் என்று சொன்னால் நம்மில் பலர் புன்னகையோடு நகர்ந்துவிடுவோம். மருத்துவ ஏடு அதையே எண்ணோடு சொல்லும்போது நின்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஏறத்தாழ 140 ஆண்டு வரலாறு உண்டு. அதில் தரிசனமும் உண்டு, தடுமாற்றமும் உண்டு; ஒரு மகனின் மரணம் உண்டு, இரு சகோதரர்களின் வழக்கும் உண்டு. அந்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏமாற்றத்தில் பிறந்த சபை

வில்லியம் மில்லர் என்பவர் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் வாழ்ந்த விவசாயி. விவிலியத்தின் தானியேல் ஆகமத்தைக் கணக்கிட்டுக் கணக்கிட்டு, கிறிஸ்துவின் இரண்டாம் வருகை அண்மையில் உள்ளது என்ற முடிவுக்கு வந்தார். அவரைப் பின்பற்றியோர் இறுதியில் 1844 அக்டோபர் 22ஆம் நாளைக் குறித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அறுவடையைச் செய்யாமல் வயலிலேயே விட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். நாள் வந்தது, வருகை நிகழவில்லை. அமெரிக்கச் சமய வரலாறு அதனைப் 'பெரும் ஏமாற்றம்' என்றே குறிக்கிறது.

ஏமாந்தவர்களுள் பெரும்பாலோர் கலைந்துவிட்டனர். கலையாத ஒரு சிறு குழு, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கத் தொடங்கியது. அக்குழுவே 1863 மே மாதம் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் என்னும் ஊரில் முறைப்படி ஒரு சபையாக அமைந்தது. அப்போது உறுப்பினர் சுமார் 3,500 பேர்.

உலகம் நாளையே முடியப்போகிறது என்று நம்பியவர்கள் இவர்கள். இத்தகையோர் உடம்பைப் பேணுவதில் அக்கறை காட்டியது ஏன்? அழியப்போகும் உலகில் உடலைப் பற்றிய கவலை எதற்கு? இதற்கு அவர்கள் கண்ட விடை எளிமையானது. வரப்போகிறவரைச் சந்திக்கத் தெளிந்த மனம் வேண்டும். தெளிந்த மனத்துக்குத் தெளிந்த உடல் வேண்டும். சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அவர்கள் வெறும் உவமையாகக் கொள்ளவில்லை.

ஒரு மாலுமியின் மௌனம்

இச்சபையின் முன்னோடிகளுள் ஒருவர் ஜோசப் பேட்ஸ் (1792–1872). கப்பல் தலைவராக இருந்தவர். குடியும் புகையும் மாலுமிகளை என்ன செய்யும் என்பதைக் கடலிலேயே கண்டவர். 1820களிலேயே மதுவை விட்டார். பின்னர் புகையிலையை விட்டார். தேநீரையும் காப்பியையும் விட்டார். 1843 முதல் இறைச்சியையும் தொடவில்லை.

இவை எல்லாம் சபை தோன்றுவதற்கு முன்பே நடந்தவை. தம் பழக்கத்தை ஊருக்கு உபதேசமாக்கும் ஆசை அவருக்கு எழுந்திருக்கலாம். ஆனால் அவர் அதை ஒரு பிரசாரமாக ஆக்கவில்லை. பந்தியில் இறைச்சி வந்தால் வேண்டாம் என்று தள்ளிவைப்பார். காரணம் கேட்டால், தம் பங்கை முன்பே உண்டு முடித்தாயிற்று என்னும் பொருளில் ஒரு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்வார் என்று சபை வரலாறு கூறுகிறது. விரதம் இருப்பவரைவிட விரதத்தைப் பற்றிப் பேசுபவரே மிகுந்த நம் சூழலில், இந்த மௌனம் நம்மைச் சற்று வெட்கப்படவே வைக்கிறது.

1863

சபை அமைந்து இரண்டு வாரம் கடந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஒட்சீகோ என்னும் ஊரில் ஒரு விவசாயியின் இல்லத்தில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எலன் ஒயிட் என்னும் பெண்மணி அங்கே ஒரு தரிசனம் கண்டார். அவருக்கு அப்போது வயது 35. சபையினர் அவரைத் தீர்க்கதரிசன வரம் பெற்றவராக ஏற்றிருந்தனர். உடல்நலம் பேணுவது சமயக் கடமை, மிதம் வேண்டும், மதுவும் புகையிலையும் கூடாது, இறைச்சியைவிடத் தாவர உணவு மேலானது, நல்ல காற்று, வெயில், தண்ணீர், ஓய்வு, உழைப்பு ஆகியவையே உண்மையான மருந்துகள். இவையே அத்தரிசனத்தின் சாரமாக அவர் எழுதியவை.

அக்காலத்து மருத்துவத்தை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். பாதரசக் கலவையும் அபினியும் அன்றைய மருத்துவரின் பையில் இருந்தவை. நோயைவிட மருந்தே அதிகம் கொன்ற காலம் அது எனலாம்.

எலன் ஒயிட்டின் இல்லமே இதற்குச் சாட்சி. 1863இன் தொடக்கத்தில் அவருடைய பிள்ளைகள் இருவருக்குத் தொண்டை அடைப்பான் நோய் கண்டது. ஜேம்ஸ் ஜாக்சன் என்னும் நீர்ச்சிகிச்சை மருத்துவரின் கட்டுரை ஒன்று செய்தித்தாளில் கிடைத்தது, அதன்படி ஈரத்துணி ஒற்றிப் பார்த்தார், பிள்ளைகள் பிழைத்தனர். அதே ஆண்டு டிசம்பரில் மூத்த மகன் ஹென்றிக்கு நிமோனியா வந்தது. இம்முறை வழக்கமான மருத்துவரிடமே ஒப்படைத்தனர். ஹென்றி இறந்துபோனான், வயது 16. சில வாரங்கள் கழித்து இளைய மகன் வில்லிக்கும் அதே நோய். பெற்றோர் நீர்ச்சிகிச்சையையே நம்பினர், மகன் பிழைத்தான்.

இதில் எது சிகிச்சையின் வெற்றி, எது தற்செயல் என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பிள்ளையைப் புதைத்து, மறு பிள்ளையின் படுக்கையருகே ஈரத்துணியோடு இரவெல்லாம் விழித்திருந்த தாய்க்கு உடல்நலம் என்பது வெறும் கோட்பாடாக இருந்திருக்காது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

கடன் வாங்கிய வெளிச்சமா?

இங்கே ஒரு சிக்கலான கேள்வி எழுகிறது. எலன் ஒயிட் கூறியவை புதியவையா? இல்லை. சில்வெஸ்டர் கிரகாம் என்னும் போதகர் 1830களிலேயே தவிடு நீக்காத கோதுமை ரொட்டியையும் மரக்கறி உணவையும் ஊர் ஊராகப் பரப்பினார். மேலே கண்ட ஜாக்சன் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில்லில் நீர்ச்சிகிச்சை நிலையம் நடத்திவந்தார். இக்கருத்துகள் அன்றைய அமெரிக்கக் காற்றில் கலந்திருந்தன.

1976இல் ரொனால்ட் நம்பர்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் எலன் ஒயிட்டின் நலவாழ்வுப் போதனைகளைப் பற்றி நூல் எழுதி இதனை விரிவாகக் காட்டினார். அவர் அட்வென்டிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவர். அச்சபையின் பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றியவர். அந்த ஆய்வால் அப்பணியை இழந்தார். பின்னர் அறிவியல் வரலாற்றில் பெரும் பெயர் பெற்று 2023இல் மறைந்தார்.

தரிசனத்துக்கு முன்மாதிரி இருந்தது என்றால் தரிசனம் பொய்யா? நம்புவோர் ஒரு விடை சொல்வர். நம்பாதோர் வேறு விடை சொல்வர். வரலாறு படிப்போர் கவனிக்க வேண்டியது வேறொன்று. கிரகாமின் இயக்கமும் நீர்ச்சிகிச்சை நிலையங்களும் அந்த நூற்றாண்டோடு பெரும்பாலும் மறைந்துவிட்டன. அதே கருத்துகள் ஒரு திருச்சபையின் வாராந்திர வாழ்வோடு பின்னப்பட்டபோது மட்டுமே நான்கைந்து தலைமுறைகளைத் தாண்டி நிலைத்தன. கருத்து எங்கிருந்தும் வரலாம். அதைச் சுமந்து செல்ல ஒரு சமூகம் வேண்டும்.

தடுமாற்றங்கள்

வழிகாட்டியே ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1858இல் ஹாஸ்கெல் என்னும் போதகர் பன்றி இறைச்சியை விலக்க வேண்டும் என்று வற்புறுத்தியபோது, அவரைக் கண்டித்து எழுதியவர் இதே எலன் ஒயிட்தான். அது தேவசித்தமானால் அவரே தம் மக்களுக்கு உணர்த்துவார். தனி ஒருவர் முந்திக்கொண்டு சுமையை ஏற்ற வேண்டாம் என்பது அக்கடிதத்தின் கருத்து. ஐந்து ஆண்டுகளில் அவரே பன்றி இறைச்சிக்கு எதிராக எழுதினார்.

தரிசனத்துக்குப் பின்னும் பயணங்களிலும் நோயிலும் அவர் இறைச்சி உண்டதுண்டு. 1882இல் தம் மருமகளுக்கு எழுதிய கடிதத்தில், நல்ல சிப்பி உணவு சில டப்பாக்கள் வாங்கி வரும்படி கேட்டிருக்கிறார். லேவியராகமம் விலக்கிய சிப்பியேதான்! 1894இல் ஆஸ்திரேலியாவில் இருந்தபோதுதான் இறைச்சியைத் தம் மேசையிலிருந்து அறவே நீக்கினார். விலங்குகளைக் கொல்வதைப் பற்றிக் கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர் அவரிடம் மனம் நொந்து பேசியது அம்முடிவுக்கு ஒரு தூண்டுதல். தரிசனத்துக்கும் முழு விலக்குக்கும் இடையே 31 ஆண்டுகள்.

எதிர்ப்பாளர் இதனைப் போலித்தனம் என்பர். நமக்கு அது மனித இயல்பாகவே படுகிறது. நாவின் பழக்கத்தை மாற்றுவது கொள்கையை மாற்றுவதைவிடக் கடினம் என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டு அடுக்களையில் அறிவோம். அந்தத் தடுமாற்றமே அவருக்கு ஒரு கனிவைத் தந்திருக்கலாம். 1909இல், இறைச்சி உண்பதைச் சபை உறுப்பினர் தகுதிக்கு அளவுகோலாக்கக் கூடாது என்று அவர் எழுதினார். இன்றும் மதுவையும் புகையிலையையும் விலக்குவது ஞானஸ்நானம் பெறுவோர் ஏற்கும் உறுதிகளுள் அடங்கும்; லேவியராகமம் விலக்கிய பன்றி, நண்டு, இறால் முதலியவற்றை உண்ணலாகாது. மரக்கறி உணவோ பரிந்துரை மட்டுமே. இந்த நெகிழ்வைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

இரு சகோதரர்

1866இல் பேட்டில் கிரீக்கில் சபை ஒரு சிறு நலவாழ்வு நிலையத்தைத் திறந்தது. அதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டும். சபை அச்சகத்தில் நலவாழ்வுச் சிறுநூல்களுக்கு எழுத்துக் கோத்த ஒரு சிறுவனைப் பின்னாளில் மருத்துவம் படிக்க அனுப்பினர். அவர்தான் ஜான் ஹார்வி கெல்லாக். 1876இல் நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். சில ஆண்டுகளில் அது நாடறிந்த மருத்துவ மனையாக வளர்ந்தது.

நோயாளிகளுக்கு எளிதில் செரிக்கும் காலை உணவு தேடியபோது, வேகவைத்த கோதுமையை உருளையில் தட்டிச் செதிலாக்கும் முறை 1894இல் கைகூடியது. உடனிருந்து உழைத்தவர் தம்பி வில்லியம் கீத் கெல்லாக். தம்பி சோளச் செதிலில் வணிகத்தைக் கண்டார், சர்க்கரையும் சேர்த்தார், 1906இல் தனி நிறுவனம் தொடங்கினார். அண்ணனுக்குச் சர்க்கரை ஆகாது. தம் குடும்பப் பெயரைத் தம்பி விற்பதும் ஆகாது. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. இன்று நம் ஊர் மளிகைக் கடை அலமாரியில் நிற்கும் அட்டைப் பெட்டிக்குப் பின்னால் இருப்பது இந்தக் குடும்பக் கதை.

அண்ணனுக்குச் சபையோடும் மனக்கசப்பு முற்றியது. 1902இல் மருத்துவமனை தீப்பற்றி எரிந்தது. அதனை மீண்டும் எழுப்பப் பணம் திரட்டும் பொருட்டு 'ஜீவனுள்ள ஆலயம்' எனப் பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு நூல் எழுதினார். சரீரம் ஆலயம் என்றால் அதன் ஒவ்வோர் அணுவிலும் இறைவன் உறைகிறான் என்ற எல்லை வரை அவர் சென்றுவிட்டார். நம் மரபில் இதைக் கேட்டு யாரும் திடுக்கிடமாட்டார்கள். சபையோ இது படைத்தவனையும் படைப்பையும் ஒன்றாக்கும் கொள்கை என்று கண்டித்தது. 1907இல் அவர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். நிதி, நிர்வாகம் பற்றிய பூசலும் அதற்குக் காரணம்.

இங்கே ஓர் இருண்ட பக்கத்தையும் மறைக்கலாகாது. பிற்காலத்தில் கெல்லாக் இன மேம்பாட்டுக் கொள்கையின் தீவிர ஆதரவாளரானார். 1914இல் பேட்டில் கிரீக்கில் அதற்கென மாநாடே கூட்டினார். உடலின் தூய்மையைப் பற்றிய அக்கறை மனிதரைத் தரம் பிரிக்கும் வெறியாக மாற நெடுந்தூரம் போக வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே எச்சரிக்கை.

எண்ணத் தொடங்கியோர்

1905இல், எலன் ஒயிட் வற்புறுத்தியதன்பேரில், தென் கலிஃபோர்னியாவில் லோமா லிண்டா என்னும் இடத்தில் நலிந்து கிடந்த ஒரு விடுதியைச் சபையினர் சுமார் 40,000 டாலருக்கு வாங்கினர். கையில் பணமில்லை, கடன் வாங்கித் தவணை கட்டினர். அங்கே எழுந்த மருத்துவக் கல்லூரியே இன்றைய லோமா லிண்டா பல்கலைக்கழகம்.

புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950இல் காட்டியவர்களுள் ஒருவரான எர்ன்ஸ்ட் வைண்டர், புகைக்காத ஒரு சமூகத்தைத் தேடியபோது அட்வென்டிஸ்டுகளைக் கண்டார். ஃபிராங்க் லெமன் முதலியோருடன் அவர் 1959இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களிடையே நுரையீரல் புற்று மிக அரிது என்று காட்டியது. பின்னர் லோமா லிண்டா அறிஞர்களே பேராய்வுகளைத் தொடங்கினர். 1958 முதல் சுமார் 23,000 பேர். 1970களில் தொடங்கியதில் சுமார் 34,000 பேர். 2002இல் தொடங்கியதில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 96,000 பேர்.

முடிவுகளுள் சிலவற்றை மட்டும் காண்போம். வாரத்தில் நான்கு முறைக்கு மேல் பருப்புக் கொட்டைகளை உண்போர்க்கு மாரடைப்பு அபாயம், அரிதாக உண்போரைவிட ஏறத்தாழப் பாதி என்று 1992இல் கண்டனர். 2009இல் வெளியான கட்டுரையின்படி, இறைச்சி உண்ணும் அட்வென்டிஸ்டுகளில் 7.6 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு. பாலும் முட்டையும்கூடத் தவிர்த்தோரில் 2.9 விழுக்காட்டினர்க்கே. 2013இல் வந்த முடிவு மேலும் நிதானமானது: ஆய்வுக் காலத்தில் மரக்கறியாளரின் இறப்பு ஏனையோரைவிட 12 விழுக்காடு குறைவு, இந்தப் பயன் பெண்களைவிட ஆண்களிடமே தெளிவாகத் தெரிந்தது.

முன்பு சொன்ன நெகிழ்வு இங்கேதான் பயன்தருகிறது. 2013 ஆய்வில் இடம்பெற்ற அட்வென்டிஸ்டுகளில் பாதிக்குச் சற்றே குறைவானோர் இறைச்சி உண்போர். அவர்களும் பெரும்பாலும் புகைப்பதில்லை, குடிப்பதில்லை. அதே ஆலயத்தில் அதே சனிக்கிழமை கூடுபவர்கள். தட்டில் இருப்பது மட்டுமே முக்கியமான வேறுபாடு. இப்படிப்பட்ட ஒப்பீடு ஆய்வாளனுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. இறைச்சி உண்போரைச் சபை வெளியே தள்ளியிருந்தால், ஒப்பிட எவருமே எஞ்சியிருக்கமாட்டார்கள். கட்டாயப்படுத்தாத நம்பிக்கையே அறிவியலுக்கும் இடம் கொடுத்தது.

ஆயினும் முழு வரவையும் உணவின் கணக்கில் எழுத முடியாது. வாரம் ஒரு நாள் எல்லா வேலைகளையும் நிறுத்தி ஓய்வது, துன்பத்தில் கதவைத் தட்ட ஆள் இருப்பது, கல்வி ஆகியவற்றுக்கும் பங்குண்டு. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கடினம்.

நாசரேத்தின் அருகே

இச்சபையின் வரலாற்றில் தமிழகத்துக்கும் ஒரு சிறு பக்கம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் வட்டாரத்தில், சட்டம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம், ஐரோப்பிய மிஷனரிகளின் மேலாண்மையை மறுத்துப் பிரிந்து, தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கெனத் தனிச்சபை கண்டார். அச்சபை சனிக்கிழமையையே ஓய்வுநாளாகக் கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வென்டிஸ்ட் போதகர்கள் நாசரேத், பிரகாசபுரம் பகுதிக்கு வந்தபோது, ஓய்வுநாளை ஆசரிக்கும் தமிழர் ஏற்கெனவே அங்கே இருந்தனர். இரு நீரோடைகளும் சந்தித்தது நாளில்தான், உணவில் அன்று.

எஞ்சுவது

இவ்வரலாற்றின் மாந்தர் எத்தனை காலம் வாழ்ந்தனர் என்று எண்ணிப் பார்த்தோம். மரக்கறி உணவின் தந்தையான கிரகாம் 57 வயதில் இறந்தார். நலவாழ்வுக்காக ஓயாது உழைத்த எலனின் கணவர் ஜேம்ஸ் ஒயிட்டுக்கு 60. மாலுமி பேட்ஸுக்கு 79. எலன் ஒயிட்டுக்கு 87. சர்க்கரையை வெறுத்த மருத்துவர் கெல்லாக் 91 வயது வாழ்ந்தார். சர்க்கரை சேர்த்து விற்ற தம்பியும் 91 வயது வாழ்ந்தார்!

எண்கள் கூட்டத்தைப் பற்றியவை. தனி மனிதனைப் பற்றியவை அல்ல. இதை மறந்தால் நலவாழ்வுச் சமயம் கொடுமையாகிவிடும். நோயுற்றவனிடம் சென்று நீ எதை உண்டாய், எதை மீறினாய் என்று கேட்கும் குரலை நாம் எல்லாச் சமயங்களிலும் கேட்டிருக்கிறோம். யோபுவின் நண்பர்கள் தொடங்கி அக்குரல் ஓய்ந்தபாடில்லை. ஹென்றியின் படுக்கையருகே அமர்ந்திருந்த அந்தத் தாயிடம் இக்கேள்வியைக் கேட்க எவருக்குத் துணிவு வரும்?

ஆகவே 7.3 என்னும் எண்ணை நாம் ஒரு பரிசாக எண்ணவில்லை. தாமே தடுமாறியவர்கள், தடுமாறுபவரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடாமல், நல்லது இன்னதென்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்ததன் விளைவு அது. இறைச்சி உண்பவரும் உண்ணாதவரும் ஒரே இருக்கையில் அருகருகே அமர்ந்து பாடும் அந்தச் சனிக்கிழமைக் காலையில்தான் அதன் வேர் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.